டிஎச்-3 தேடிய பத்தொன்பது நாட்கள்

காலை பதினொன்று இருபதுக்கு என் மனைவி அந்த வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தாள். பன்னிரண்டு பத்துக்குத்தான் இறங்கினாள். இடையில் இருந்த ஐம்பது நிமிடமும் வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கழக்கூட்டம் பைபாஸ் ஓரத்தில், பழைய கார்கள் விற்கும் ஒரு தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. அவளால் அதில் ஏற முடிந்தது, இறங்க முடியவில்லை.

அவளுடைய இடது இடுப்பு மூட்டு பதினோரு வருடமாக அசையாது. மூட்டில் சீழ் பிடித்து, மூன்று முறை அறுவை செய்து, கடைசியில் எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். வலி போயிற்று, மடங்குவதும் போயிற்று. இடது முழங்காலும் பாதிதான் மடங்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள், ஏன் இப்படிச் சாய்ந்துகொண்டிருக்கிறாள் என்று நினைப்பார்கள். ஆட்டோவில் அவள் கால் வைக்க இடம் போதாது. பஸ்ஸின் முதல் படியே அவளுக்கு உயரம். தாழ்ந்த கார்களில் தலை இடிக்கும். எங்கள் வீட்டுக் கார் ஒன்றில்தான் அவளால் ஏற முடியும்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. வண்டிக்கு முதுகு காட்டி நின்று, முன் சீட்டின் விளிம்பில் உட்கார்ந்து, பின்னால் சாய்வாள். வலது காலை உள்ளே எடுத்துக்கொள்வாள். பிறகு இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே போடுவாள். இறங்கும்போது இதெல்லாம் தலைகீழாக நடக்கும். முடிவில் திறந்த கதவின் மேல் விளிம்பைப் பிடித்து, முழு எடையையும் அதில் போட்டு எழுந்திருப்பாள். ஏற நாற்பது விநாடி, இறங்க ஒரு நிமிடம் பத்து விநாடி. பல நாள் கடிகாரம் பார்த்து டைரியில் குறித்தது.

அவள் வங்கி அதிகாரி. வாசலில் படியே இல்லாத கிளை என்று கேட்டு வாங்கிக்கொண்டது கழக்கூட்டத்தில் இருக்கிறது. எங்கள் வீடு கிழக்கேகோட்டை அக்ரகாரத் தெருவில். காலை எட்டரைக்குக் கிளம்பி அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அதே வழியே திரும்பி வந்து, பத்தேகாலுக்கு என் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவேன். மாலை ஐந்தேகாலுக்கு எழுந்து ஓடி, ஆறு மணிக்கு அவளை ஏற்றிக்கொள்வேன். பதினோரு வருடத்தில் என் அலுவலகத்தில் யாருடைய பிரிவுபசாரத் தேநீருக்கும் நான் நின்றதில்லை. அவளுக்கு இன்னும் ஆறு வருடம் சர்வீஸ் இருந்தது.

அந்த மாதக் கடைசியில் எங்கள் காரின் பதிவுக்குப் பதினைந்து வருடம் முடிகிறது. புதுப்பிக்கலாம். ஆனால் கரமனையில் எங்கள் மெக்கானிக் இடது கதவின் கீழ்க்கட்டையை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் காட்டினார். ரொட்டியில் குத்துவது போல உள்ளே போயிற்று. கதவு கீல் மாட்டியிருக்கும் தூணின் அடியும் அப்படியே. கடல் காற்றும் இந்த ஊர் மழையும் சேர்ந்து செய்த வேலை.

"பெயின்ட் அடிச்சுக் கொண்டு போனா ஒருவேளை பாஸாகும் சார்," என்றார் அவர். "ஆனா அக்கா இந்தக் கதவுல தொங்கித்தானே எழுந்திரிக்கிறாங்க? ஒரு நாள் கதவு அவங்க கையோட வந்துரும். பிறகு என்னைக் குறை சொல்லப்பிடாது."

அதனால் வேறு வண்டி தேடினேன். அதே பெயருள்ள கார் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் காரை டேப் வைத்து அளந்தேன். சீட்டின் உயரம், கதவு திறக்கும் அகலம், கூரையின் உயரம், சீட்டு பின்னால் நகரும் தூரம் என்று பதினொரு அளவுகள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான்கு இடங்களுக்குத் தனியாகப் போனேன். ஒவ்வோர் இடத்துக்கும் அவளை இழுத்துக்கொண்டு போய்ச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். நான்காவது இடத்தில், அந்தத் தகரக் கொட்டகையில், பதினொரு அளவும் பொருந்தியது. விளக்குகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன.

"மூஞ்சி மாத்திரம் மாத்தியது சாரே," என்றார் விற்பனையாளர். "உள்ளே எல்லாம் பழையது போலத் தன்னே."

இரண்டாம் சனிக்கிழமை, இருவருக்கும் விடுமுறை. அவளை அழைத்துக்கொண்டு போனேன். பதிவு முடிய அன்றைக்குப் பத்தொன்பது நாள் பாக்கி.

அவள் ஏறினாள். இடது காலைச் சுற்றிப் போடும்போது செருப்பின் நுனி எதிலோ உரசும் சத்தம் கேட்டது. உட்கார்ந்து, சீட்டைத் தட்டிப் பார்த்து, "நன்னாத்தான் இருக்கு," என்றாள். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன். அவள் இறங்கப் பார்த்தாள்.

"ஏன்னா, கால் வரலை."

"எங்கே தட்டறது?"

"தெரிஞ்சா நானே எடுத்திருக்க மாட்டேனா? குனிஞ்சு பாருங்கோ."

குனிந்தேன். கதவுக்கு முன்னால், கண்ணாடியைத் தாங்கி நிற்கும் தூணின் அடியில் அவள் கால் விரல்கள் முட்டிக்கொண்டிருந்தன. புறங்காலுக்கு மேல் டேஷ்போர்டின் கீழ் விளிம்பு அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போது வேகத்தில் நழுவிப் போன கால், வெளியே வர வழியில்லாமல் நின்றது. சீட்டு ஏற்கனவே பின்னால் நகரும் கடைசிப் பல்லில் இருந்தது. நான் காலைப் பிடித்து இழுத்தேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை ஓர் அடி அடித்தாள்.

விற்பனையாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், கால் ஒண்ணு மடக்கியால் வருமே."

"மடங்கினா நான் ஏன் சார் உங்க காருக்குள்ள வரேன்? பஸ்ஸிலே போயிண்டிருக்க மாட்டேனா?"

அவர் தண்ணீர் கொண்டுவரப் போனார். தகரத்தின் சூடு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஏசி போடலாம் என்றால், நாள் கணக்கில் நின்ற வண்டியில் பேட்டரி இறங்கியிருந்தது. அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். கொட்டகையில் வேறு வண்டி பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு வழி பண்ணுங்கோ. இல்லாட்டா வண்டியை என்னோட சேத்து வாங்கிண்டு போயிடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டைரியில் அன்று எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்: முதலில் எனக்கு வந்தது பயமோ இரக்கமோ இல்லை, எரிச்சல். பதினொரு அளவும் சரியாக இருக்கும்போது இவள் கால் மட்டும் எப்படிச் சரியில்லாமல் போகலாம் என்ற எரிச்சல்.

கொட்டகையின் பின்பக்கம் ஒருவர் பழைய கதவு ஒன்று தேடி வந்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், கழக்கூட்டத்தில் சாப்ட்வேர் வேலை என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவர் வந்து, யாரையும் கேட்காமல், வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"இது ஃபோர் ஆக்கும். அக்கா த்ரீயில இருந்தா வாறிய?"

"நான் கோட்டையிலேருந்து வரேன்," என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டார். அவளும்தான். "வண்டியைச் சொன்னேன் அக்கா. பயப்படாதீங்க, அஞ்சு மினிட்டு." தோள் பையிலிருந்து ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். டேஷ்போர்டில் சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அடியில் இரண்டு ஸ்க்ரூவை எடுத்து, கீழ்ப் பலகையை ஒரு பக்கமாக இழுத்தார். படபடவென்று கிளிப்புகள் விடுபட்டன.

"உடைக்கல்லே சாரே, உடைக்கக் கூடாது!" என்று விற்பனையாளர் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்.

"உடைக்கல. அஞ்சு கிளிப்பு. நானே மாட்டித் தாறேன். அக்கா, இப்ப மெல்லத் தூக்குங்க."

கால் வெளியே வந்தது. புறங்காலில் சிவப்பாக ஒரு கோடு. அவள் எழுந்து நின்று, ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு, கொட்டகையின் விளிம்பில் காற்று வரும் இடத்துக்கு நடந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

நான் அவரிடம் என் தாளைக் காட்டினேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார். "அளவு எல்லாம் கரெக்டு சார். ஆனா பேரப் பாத்து வாங்க வந்திருக்கிய. பேரப் பாக்காதீங்க, வருஷத்தையும் பாக்காதீங்க. கம்பெனிக் கோடு நம்பரப் பாருங்க." என்னை எங்கள் பழைய காருக்கு அழைத்துப் போய் பானெட்டைத் திறந்தார். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அடியில், தீப்பெட்டி அகலத்தில் ஒரு அலுமினியத் தகடு. பதினைந்து வருடம் நான் அதைத் துடைத்ததுகூட இல்லை. அவர் கட்டைவிரலால் துடைத்தார். நீளமான சேசிஸ் எண்ணுக்குக் கீழே தனியாக டிஎச்-3 என்று இருந்தது.

அன்று தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். கம்பெனிகள் ஒரு பெயரைப் பல வருடம் விற்கின்றன. பெயர் அப்படியே இருக்க, வண்டியின் உடம்பைச் சில வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றிவிடுகின்றன. ஒவ்வோர் உடம்புக்கும் தொழிற்சாலைக்குள் ஒரு குறியீடு உண்டு. வாங்குபவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. கார்ப் பித்தர்கள் அதை மட்டும்தான் சொல்வார்கள். ஒரு ஜெர்மன் காரின் மூன்று தலைமுறைகள் அவர்கள் வாயில் ஈ முப்பது, ஈ முப்பத்தாறு, ஈ நாற்பத்தாறு. பெயரைச் சொன்னால் எதைச் சொல்கிறோம் என்று தெரியாது, குறியீட்டைச் சொன்னால் கதவு, கண்ணாடி, சீட்டு, கடைசி ஆணி வரை தெரிந்துவிடும். வருடத்தையும் நம்ப முடியாது. எங்கள் கார் டிஎச்-3, கொட்டகையில் நின்றது டிஎச்-4; 4 வந்த பிறகும் டாக்சிக்காரர்களுக்காக 3-ஐ அதே பெயரில் இரண்டு வருடம் சேர்த்து விற்றிருக்கிறார்கள். சேசிஸ் எண்ணின் பதினேழு எழுத்துகளில் முதல் மூன்று செய்தவரைச் சொல்லும், அடுத்து வருபவை உடம்பைச் சொல்லும், கடைசியில் இருப்பது வரிசை எண். பதிவுப் புத்தகத்தில் அந்த எண் முழுதும் இருக்கிறது. படிக்கத் தெரிய வேண்டும்.

"ஃபோர்ல முன் தூணைப் பின்னால தள்ளிட்டானுவ," என்றார். "பாக்க ஸ்டைலா இருக்கணும்லா. சாதாரண ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. அக்காக்கு அந்த மூணு விரக்கடைதான் பிரச்சனை."

அந்த இடத்தை, தரையிலிருந்து கணுக்கால் உயரத்தில், சீட்டின் விளிம்பிலிருந்து தூணின் அடிவரை, இரண்டு வண்டியிலும் அளந்தேன். பழையதில் நாற்பத்தாறு சென்டிமீட்டர், இதில் நாற்பது. பன்னிரண்டாவது அளவு.

திரும்பும் வழியில் ஆக்குளம் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள்.

"நீங்கோ பாட்டுக்கு நாலு எடம் போயி அளந்துண்டு வந்தேளே, கால் எப்படிப் போகும்னு என்னை ஒரு வார்த்தை கேட்டேளா?"

"உனக்குச் சிரமமா இருக்குமேன்னு..."

"இன்னிக்குச் சிரமம் இல்லையாக்கும்." பிறகு சொன்னாள்: "இனிமே நான் ஏறி எறங்காம ஒரு வண்டியும் கிடையாது. மாசக் கடைசிக்குள்ள கிடைக்கலைன்னா வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடறேன். வேற என்ன பண்றது? பறந்தா போக முடியும்?"

வண்டி பார்க்கப் போவதற்கும் எங்களுக்கு இந்த வண்டிதான் வேண்டும். மாதம் முடிந்தால் இதைத் தெருவில் எடுக்க முடியாது. அதற்குப் பிறகு ஊரில் எங்கே ஒரு டிஎச்-3 நின்றாலும் அவளை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வழியில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

நாகர்கோவில்காரர் என்னை ஒரு வாட்ஸாப் குழுவில் சேர்த்துவிட்டார். எல்லாம் பழைய வண்டிக்காரர்கள். முதல் நாள் நான் காரின் பெயரை எழுதி, இது தேவை, தகவல் இருந்தால் தெரிவிக்கவும் என்று போட்டேன். நான்கு நிமிடத்தில் ஏழு பேர் திட்டினார்கள். அந்தக் குழுவில் வண்டியின் பெயரை எழுதக் கூடாதாம். எழுதினால் தண்டனை உண்டு: தன் வண்டியின் தகட்டைத் துடைக்காமல் படம் எடுத்துப் போட வேண்டும். போட்டேன். உடனே குரல் மாறிவிட்டது. "ஒரிஜினல் த்ரீ! முதல் வருஷத்து வண்டி! சார் இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். என் வயதில் என்னை யாரும் இவ்வளவு ஆர்வமாக விசாரித்ததில்லை. அலுவலக இடைவேளையில் குறியீடுகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். மூன்றாம் நாளே சிக்னலில் நிற்கும் வண்டிகளை வாய்க்குள் குறியீட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். "யாரை ஜபிக்கறேள்?" என்று கேட்டாள் என் மனைவி.

புதன்கிழமை மதியம் ஒரு செய்தி வந்தது. கொல்லத்தில் ஒரு 3, வெள்ளை, ஒரே உரிமையாளர் கை. தகட்டின் படமும் இருந்தது. உடனே சொல்லுங்கள், இன்னொருவரும் கேட்கிறார் என்று எழுதியிருந்தார்கள்.

படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். மணி இரண்டு பத்து. ஐந்தேகாலுக்கு எழுந்து ஓடி, ஆறு மணிக்கு அவளை ஏற்றிக்கொண்டேன். சொல்லவில்லை. வியாழன் காலை பார்த்தபோது வண்டி போய்விட்டது என்று போட்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை நாகர்கோவில்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் காரை நாங்கள் கைவிடும்போது அதன் வலது பக்கக் கதவுகளைத் தனக்குத் தர வேண்டும் என்று கேட்டிருந்தார், பார்த்துவிட்டுப் போக வந்தார். காபி குடித்துக்கொண்டே சொன்னார்:

"கொல்லம் வண்டியை சார் விட்டுட்டாரே, எனக்கு ஆச்சரியமாப் போச்சு. அதுல ஏதாவது கொறை கண்டியளா?"

நான் ஏதோ சொன்னேன். அவர் கதவுகளைப் பார்த்துவிட்டுப் போனார். அவள் டம்ளர்களை எடுக்கவில்லை.

"கொல்லத்திலே ஒண்ணு இருந்துதா?"

"இருந்தது."

"த்ரீயா?"

"த்ரீதான்."

"ஏன் சொல்லலை?"

டைரியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். 'புதன். கொல்லம் வண்டி, 3, வெள்ளை. பதில் போடவில்லை.' பக்கத்தைத் திருப்பி அந்தப் புறமும் பார்த்தாள்.

"எல்லாத்துக்கும் காரணம் எழுதுவேளே. பால் திரிஞ்சதுக்குக்கூட எழுதியிருக்கேள். இதுக்கு எழுதலையே?"

"நீ ஆத்திலே இருந்துட்டா அஞ்சேகாலுக்கு ஓட வேண்டாம்னு தோணித்து."

"எப்போ தோணித்து?"

"அப்பப்போ தோணும். பதினோரு வருஷமா. பதில் போடாம இருந்தது அந்த ஒரு நாள்தான்."

அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"நேக்கு மாத்திரம் உங்களோட தினமும் போகணும்னு கொள்ளை ஆசையா? மத்தியானம் அரை நாள் லீவு போட்டுட்டு எங்கேயாவது போகணும்னா உங்களைக் கேக்கணும். கண்ணாடியை எறக்கினா தூசிம்பேள். பாட்டு போட்டா சிக்னல்லே நிறுத்திடுவேள். ஆபீஸ்லே ஒருத்தி கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, மண்டபத்துக்குப் படி எத்தனைன்னு நீங்கோ போன் பண்ணிக் கேப்பேள். பேங்க்லே அந்த எட்டு மணி நேரம்தான் என்னைத் தூக்கி எறக்க யாரும் இல்லை. அதையும் எடுத்துண்டுட்டா நேக்கு என்ன மிச்சம்?"

தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பும்வரை இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

"போனை எடுங்கோ," என்றாள். "அந்தக் குரூப்பிலே இன்னொரு தடவை எழுதுங்கோ. நான் பக்கத்திலே இருக்கச்சே எழுதுங்கோ."

எழுதினேன். என்ன வேண்டும் என்பதோடு எதற்கு வேண்டும் என்பதையும் எழுதச் சொன்னாள். என் மனைவியின் இடது கால் ஒரு 3-இல் மட்டும்தான் போய்வரும் என்று எழுதினேன். அரை மணி நேரம் யாரும் ஒன்றும் போடவில்லை. பிறகு நெய்யாற்றின்கரையில் ஒன்று இருப்பதாக வந்தது. போய்ப் பார்த்தோம். பின்பக்கம் 3-இல் வரும் பழைய பெயர்ப் பட்டையை ஒட்டிய 4. நான் அவளைக் கீழே இறங்கவே விடாமல் பானெட்டை மட்டும் பார்த்துத் திரும்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை பொன்முடி மலையிலிருந்து ஒரு செய்தி வந்தது.

மறுநாள் ஞாயிறு போனோம். மாதம் முடிய நான்கு நாள் பாக்கி. நாகர்கோவில்காரரும் கூட வந்தார். வளைவுகளில் எங்கள் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு திருப்பத்திலும் இடது கதவு கிறீச்சிட்டது. அவள் அதன் மேல் சாயாமல் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

வண்டிக்காரர் எஸ்டேட்டில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தொழிலாளர் லயன் வீடுகளின் முனையில், தார்ப்பாய்க்கு அடியில் வண்டியை வைத்திருந்தார். செங்கோட்டையில் மகள் வீட்டோடு போகிறாராம். மலைக் காற்றில் துரு அதிகம் இல்லை. நாகர்கோவில்காரர் பானெட்டைத் திறந்து, என்னைக் கூப்பிட்டு, தகட்டை என்னையே துடைக்கச் சொன்னார். 3.

"ஏறிப் பாருங்கம்மா," என்றார் வண்டிக்காரர். "பிரசவத்துக்குப் போனவங்களே ஏழு பேரு இதுல. ஒருத்தருக்கும் இடைஞ்சல் வந்ததில்ல."

லயன் பெண்கள் ஐந்தாறு பேர் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டே அவரிடம் கேட்டாள்: "இதையும் வித்துட்டா நாங்க எதுல எறங்குறது? பஸ்ஸு வந்தாதானே?"

"வச்சுட்டுப் போனா யாரு ஓட்டுவா? உன் வீட்டுக்காரன்கிட்ட லைசன்ஸ் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அந்தப் பெண் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் மனைவி அவளைப் பார்த்தாள். நான் டேப்பை வெளியே எடுக்கவில்லை. இவர்கள் இறங்கும் வழியைத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டு போகப்போகிறோம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

அவள் முதுகு காட்டி நின்று, உட்கார்ந்து, சாய்ந்து, இடது காலைத் தூக்கினாள். உரசும் சத்தம் இல்லை. கதவை மூடச் சொன்னாள். திறக்கச் சொன்னாள். காலைச் சுற்றி வெளியே போட்டு, கதவைப் பிடித்து எழுந்தாள். கதவு அசையவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கினாள். மூன்றாவது தடவை குழந்தை வைத்திருந்த பெண்ணே அவளுடைய ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பதிவுப் புத்தகத்தை அவள்தான் முதலில் வாங்கிப் படித்தாள். "நாலு வருஷம் ரெண்டு மாசம் பாக்கி," என்றாள். "நேக்கு சர்வீஸ் ஆறு வருஷம்."

"அதுக்குள்ள வேற த்ரீ பாத்துக்கலாம் அக்கா," என்றார் நாகர்கோவில்காரர். பிறகு உண்மையையும் சொன்னார்: "கொறஞ்சுக்கிட்டேதான் வருது. பாப்போம்."

"பாப்போம்," என்றாள் அவளும்.

காகிதங்களில் கையெழுத்து ஆனதும், இந்த வண்டியிலேயே கீழே போகலாம் என்றாள். நாகர்கோவில்காரர் எங்கள் பழையதை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். எனக்குப் புது வண்டியின் கிளட்ச் பழகவில்லை. இரண்டு வளைவு இறங்கியிருப்போம்.

"நிறுத்துங்கோ."

"என்ன ஆச்சு? காலா?"

"ஒண்ணும் ஆகலை. நிறுத்துங்கோ."

"வளைவுக்குப் பக்கத்திலே நிறுத்தப்படாது. இன்னும் கொஞ்சம்..."

"ஏன்னா."

ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். வழக்கம்போல இறங்கிச் சுற்றிப் போய்க் கை கொடுக்க பெல்ட்டைக் கழற்றினேன். "நீங்கோ எறங்க வேண்டாம்," என்றாள். கதவை அவளே திறந்தாள். கால் வெளியே போவதை இத்தனை வருடத்தில் முதல்முறையாக உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். எழுந்து, பின் சீட்டிலிருந்து ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்தினாள். தேயிலையைப் பார்க்கத்தான் இறங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் சாலையோடு கீழே நடக்க ஆரம்பித்தாள்.

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. "சாரே, வளைவிலாணோ பார்க்கிங்?" என்று கத்திவிட்டு ஒதுங்கிப் போயிற்று. அவளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தது. அவள் ஊன்றுகோலை லேசாக ஆட்டி, போ என்று காட்டினாள்.

போன் அடித்தது. நாகர்கோவில்காரர். "சார், உங்க வண்டி பின்னால காணலியே. அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்லை. நடக்கறா."

"எங்க?"

"தெரியலை."

வளைவில் திரும்பி அவள் மறைந்துபோனாள். பின்னாலேயே மெல்ல ஓட்டிக்கொண்டு போகலாம். அது அவளுக்குப் பிடிக்காது. போகாமலும் இருக்க முடியாது, இறக்கம், ஈரத் தார், தனியாள். கை பிரேக்கை எடுத்தேன், மறுபடி போட்டேன். மணி பார்த்தேன். ஆறு நிமிடம். ஏழு.

சாலை திரும்பி எனக்கு நேர் கீழே வரும் இடத்திலிருந்து குரல் கேட்டது. இறங்கிச் சாலையோரக் கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். எட்டிப் பார்க்கவில்லை.

"ஏன்னா! இப்போ வாங்கோ! இங்கே நிறுத்தறதுக்கு எடம் இருக்கு!"

வண்டியைக் கிளப்பினேன்.